காட்டுக்கடியில் கரி: கிப்போர்டு பின்ஷோ வாழ்ந்த கதை

மேலே காடு. அந்தக் காடு மக்களுக்குப் பொது. கீழே நிலக்கரி. அதுவும் மக்களுக்குப் பொது. கரியை வெட்டி எடுக்க ஒரு கம்பெனி வந்து வாசலிலே நிற்கிறது. மரத்தைத் தொடமாட்டோம், பூமிக்கடியிலேதான் வேலை, மேலே ஒரு வாய், கீழே ஒரு சுரங்கம், அவ்வளவுதான் என்று சத்தியம் செய்கிறது. கொடுப்பதா, கூடாதா? கொடுத்தால் கிரயம் எழுதிக் கொடுப்பதா, குத்தகைக்கு விடுவதா? குத்தகை என்றால் யார் போடும் நிபந்தனையின் மேல்?

ஏதோ ஓர் அலுவலகத்திலே ஒரு குமாஸ்தா எழுதி முடிக்கிற கோப்பு போலத் தோன்றும். அப்படியல்ல, தோழர்களே! இந்த ஒரு கேள்வியால் அமெரிக்க நாட்டிலே ஓர் அமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். ஆளுங்கட்சி இரண்டாகப் பிளந்ததற்கு இதுவும் ஒரு காரணம் ஆயிற்று. ஒரு குடியரசுத் தலைவர் அடுத்த தேர்தலிலே இரண்டே இரண்டு மாநிலங்களை மட்டும் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தார். அந்தப் புயலுக்கு நடுவே நின்றவர் கிப்போர்டு பின்ஷோ. அமெரிக்கக் காட்டுத் துறையின் முதல் தலைவர். காட்டுத் துறைத் தலைவர் என்றதும், மண்ணைத் தொடாதே, மரத்தைத் தொடாதே என்று வேலி போட்டவர் என்று எண்ணிவிட வேண்டாம். கரியை எடுக்கலாம் என்றவர்தான் அவர். ஆனால் விற்கக் கூடாது என்றார். அதற்காகத்தான் வேலையும் இழந்தார்.

1865ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்துச் சிம்ஸ்பரியிலே பிறந்தார். குடிசையில் பிறந்தவரல்லர், மாளிகையில் பிறந்தவர். நெப்போலியன் வீழ்ந்த பிறகு பிரான்சிலிருந்து வந்து பென்சில்வேனியாவின் மில்போர்டு என்ற ஊரிலே குடியேறிய குடும்பம். பாட்டனார் சுற்றியிருந்த காடுகளை வாங்கினார், வெட்டினார், விற்றார், அடுத்த காட்டுக்குப் போனார். தந்தையார் நியூயார்க் நகரிலே சுவர்த்தாள் வணிகத்தில் பெரும்பொருள் திரட்டினார். அந்தத் தந்தைக்கே பிறகு மனம் உறுத்தியது போலும்! தன் தகப்பனார் மொட்டையாக்கிய மலைகளைப் பார்த்தவர், மகனை வியாபாரத்துக்கு அனுப்பவில்லை. காடு வளர்க்கும் தொழிலைக் கற்றுக்கொள் என்றார். அந்தத் தொழிலுக்கு அப்போது அமெரிக்காவிலே பள்ளியும் கிடையாது, பதவியும் கிடையாது. வெட்டுகிறவன் இருந்தான், வளர்க்கிறவன் இல்லை.

1889இல் யேல் கல்லூரியை முடித்துவிட்டுப் பிரான்சு சென்று நான்சி நகரத்துக் காட்டுப் பள்ளியிலே சேர்ந்தார். அங்கே சேரும்படி அவருக்கு வழி சொன்னவர் யார் தெரியுமா? டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். பர்மாவின் தேக்குக் காடுகளைப் பிரிட்டிஷாருக்காகக் கணக்கெடுத்து, 1864இல் இந்தியா முழுவதற்கும் காட்டுத் துறைத் தலைவராக வந்தவர். 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின் பின்னாலும் அவர் கை உண்டு. ஆடு மேய்த்ததற்கு அபராதம், விறகுக் கட்டுக்கு வழக்கு என்று நம் பாட்டன்மார் ரேஞ்சருக்கு அஞ்சி ஒளிந்தார்களே, அந்தத் துறையை அமைத்த மனிதர்! ஆகவே பின்ஷோ கற்றுக்கொண்ட கல்வியிலே இரண்டு பாடம் இருந்தது. காட்டைத் தனியார் கையில் விட்டால் மிஞ்சாது என்பது ஒன்று. காட்டை அரசு எடுத்துக்கொள்ளும்போது அங்கே குடியிருப்பவனைக் கேட்கத் தேவையில்லை என்பது இன்னொன்று. முதற்பாடம் அவரைப் பெரியவராக்கிற்று. இரண்டாம் பாடத்தின் கதைக்குப் பிறகு வருவோம்.

தாய்நாடு திரும்பி, வாண்டர்பில்ட் என்ற கோடீசுவரரின் பில்ட்மோர் தோட்டக் காட்டை 1892 முதல் நிர்வகித்தார். 1898இல் அரசின் காட்டுப் பிரிவுக்குத் தலைவரானார். பெயர்தான் பிரிவு, அதன் ஆளுகையில் ஒரு காடும் இல்லை! காடுகளெல்லாம் உள்நாட்டுத் துறையின் கையிலே இருந்தன. மரம் அறிந்தவர்கள் வேளாண்மைத் துறையிலே இருந்தார்கள். மருத்துவர் ஓர் ஊரிலும் நோயாளி வேறு ஊரிலும் இருந்தது போன்ற ஏற்பாடு. தியோடர் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவரான பிறகு, 1905இல் காடுகள் பின்ஷோவின் கைக்கு மாறின. அப்போது 60 காடுகள், 5 கோடியே 60 லட்சம் ஏக்கர். 1910இலே 150 காடுகள், 17 கோடியே 20 லட்சம் ஏக்கர். மேற்கு மாநிலத்து மரக் கம்பெனிகளின் நண்பர்கள் சும்மா இருப்பார்களா? இனி ஆறு மாநிலங்களில் புதுக் காடு அறிவிக்கவே கூடாது என்று 1907இல் ஒரு சட்டப்பிரிவைச் செருகினார்கள். ரூஸ்வெல்ட் அதிலே கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே பின்ஷோவும் அவர் ஆட்களும் வரைபடங்களை விரித்துப்போட்டு உழைத்தார்கள். 1 கோடியே 60 லட்சம் ஏக்கர் பொதுக் காடாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகே கையெழுத்து விழுந்தது!

காட்டை அவர் பூசைக்குரிய பொருளாகக் கருதவில்லை. ஹெட்ச் ஹெட்ச்சி பள்ளத்தாக்கிலே அணை கட்டிச் சான் பிரான்சிஸ்கோ மக்களுக்குக் குடிநீர் கொடுப்பது சரி என்றார். அதனால் இயற்கைக் காவலர் ஜான் மியூரின் நட்பை இழந்தார். பயன்படட்டும், பலருக்குப் பயன்படட்டும், நெடுங்காலம் பயன்படட்டும் என்பது அவர் கொள்கை.

இனிக் கரிக்கு வருவோம். பொதுநிலத்து நிலக்கரி அந்நாளில் எப்படிப் போயிற்று? விலைக்குப் போயிற்று. வட கோடியிலுள்ள அலாஸ்காவுக்கென 1904இல் செய்த சட்டம், ஆளுக்கு 160 ஏக்கர், ஏக்கருக்கு 10 டாலர் என்றது. தனக்கென்று வாங்குகிறவன் மட்டுமே வாங்கலாம். இன்னொருவனுக்காக வாங்கக் கூடாது. ஏட்டிலே படிக்க இனிக்கும் சட்டம்! ஏழைக்கும் ஒரு சுரங்கம் கிடைக்கும் போலத் தோன்றும். ஆனால் 160 ஏக்கரை வைத்துக்கொண்டு பனிமலையிலே ஒருவன் என்ன செய்வான்? ரயில் வேண்டும், துறைமுகம் வேண்டும், இயந்திரம் வேண்டும். அத்தனையும் உடையவன் ஒருவனே, அவன் கோடீசுவரன். ஆகவே பினாமி பிறந்தது. பத்துப்பேர் பெயரிலே மனு, பின்னாலே ஒரே பெட்டி. நம் நாட்டிலே நில உச்சவரம்புக்கு அஞ்சி மாட்டுக்காரன் பெயரிலும் சமையற்காரன் பெயரிலும் நஞ்சை எழுதிவைத்த மிராசுதார்களை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரூஸ்வெல்ட் 1906இல் 6 கோடியே 60 லட்சம் ஏக்கர் நிலக்கரி நிலத்தை விற்பனையிலிருந்து நிறுத்தி வைத்தார். அலாஸ்காவின் நிலக்கரியும் நிறுத்தப்பட்டது. விற்காதே, குத்தகைக்கு விடு என்று சட்டமன்றத்துக்கு எழுதினார். அந்தக் கருத்துக்கு விடாமல் வாதாடியவர்களில் முன்வரிசையில் நின்றவர் பின்ஷோ. குத்தகை என்றதும் நம் ஊர்க் குத்தகையாளர் படும் பாடு நினைவுக்கு வரும். முகம் சுளிக்கத் தோன்றும். இங்கே நிலைமை தலைகீழ். நிலத்துக்கு உடையவர்கள் பொதுமக்கள். குத்தகை கேட்டு வருகிறவன் மார்கன், குகன்ஹைம் போன்ற பணவேந்தன். விற்ற நிலத்தின் வரப்பிலே கால் வைத்தால் வழக்கு. குத்தகைக்கு விட்ட நிலத்திலே உடையவன் போய் நிற்கலாம், கணக்குக் கேட்கலாம், சொன்னபடி செய்யாதவனை வெளியே அனுப்பலாம். கரி எடுத்து முடிந்த பின் காடும் நிலமும் மறுபடி பொதுவாகவே இருக்கும்.

இந்த வேற்றுமையைச் சோதித்துப் பார்க்க ஒரு வழக்கு வந்தது. கிளாரன்ஸ் கன்னிங்காம் என்பவர் தனக்கும் வேறு 32 பேருக்குமாக, அலாஸ்காவின் பேரிங் ஆற்றுப் பக்கத்திலே 33 நிலக்கரி மனைகளுக்கு மனுப் போட்டிருந்தார். மொத்தம் 5,280 ஏக்கர். சட்டப்படி விலை 52,800 டாலர். அந்நிலம் பின்ஷோவின் பொறுப்பிலிருந்த சுகாச் தேசியக் காட்டுக்குள்ளே விழுந்தது. 1907இலே இந்த மனுதாரர்கள், மார்கனும் குகன்ஹைமும் சேர்ந்த கூட்டுக்குப் பாதிப் பங்கு கொடுப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அந்தக் கூட்டோ அலாஸ்காவிலே செப்புச் சுரங்கம் வைத்திருந்தது, கப்பல் வைத்திருந்தது, ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தது. நிலக்கரியும் கைக்கு வந்துவிட்டால் அலாஸ்காவே அவர்கள் சட்டைப்பைக்குள்!

லூயிஸ் கிளேவிஸ் என்ற இளைஞர், நிலத் துறையின் புலனாய்வு அதிகாரி. கன்னிங்காமின் குறிப்புப் புத்தகம் அவர் கையில் சிக்கியது. மனுப் போடும் முன்னரே நிலங்களை ஒன்று சேர்ப்பதற்கு ஏற்பாடு இருந்தது என்பது அதிலே தெரிந்தது. மேலதிகாரிகளிடம் போனார். மேலே இருந்தவர் ரிச்சர்டு பாலிஞ்சர். இந்தப் பாலிஞ்சரின் பயணத்தைச் சற்றுக் கவனியுங்கள். 1907இல் நிலத் துறை ஆணையர். இந்த மனைகளுக்குப் பட்டா கொடுக்க உத்தரவிட்டு, கிளேவிஸ் மறுத்துக் கூவிய பிறகு நிறுத்தினார். 1908இல் வேலையை விட்டுச் சீயட்டில் நகரில் வழக்கறிஞர் தொழில். அப்போது அதே கன்னிங்காம் கூட்டத்துக்குச் சட்ட உதவி. 1909இல் டாஃப்ட் குடியரசுத் தலைவரானதும் உள்நாட்டுத் துறை அமைச்சர். நாட்டின் பொதுநிலம் முழுவதற்கும் காவலர்! நீதிபதியாக இருந்து, இடையிலே வக்கீலாகி, மறுபடி நீதிபதியாக வந்து அமர்வது எந்த ஊர் நியாயம்?

கிளேவிஸ் 1909 ஆகஸ்டில் பின்ஷோவைத் தேடி வந்தார். பின்ஷோ அவரைக் குடியரசுத் தலைவரிடமே அனுப்பினார். டாஃப்ட் செப்டம்பர் 13ஆம் நாள் பாலிஞ்சர்மீது குற்றமில்லை என்று கடிதம் எழுதினார். கிளேவிசை வேலையை விட்டு நீக்க இசைந்தார். திருடன் வருகிறான் என்று குரல் கொடுத்த காவல்காரனுக்குக் கிடைத்த பரிசு! இளைஞர் வாய்மூடிப் போகவில்லை. தாம் கண்டதையெல்லாம் நவம்பரில் கோலியர்ஸ் என்ற வார ஏட்டிலே எழுதினார். அதற்குக் கூலியும் வாங்கவில்லை.

பின்ஷோவுக்கு இப்போது இரண்டு வழி இருந்தன. வாயை மூடிக்கொண்டால் 17 கோடி ஏக்கர் காட்டின் தலைமைப் பதவி தங்கும். அவர் வளர்த்த துறை, அவர் தேர்ந்தெடுத்த ஆட்கள், அவர் போட்ட திட்டம், எல்லாம் அந்த நாற்காலியோடு கட்டப்பட்டிருந்தன. வாயைத் திறந்தால் அத்தனையும் போகும். அதிகாரிகள் தம் துறைத் தலைவரைக் கடந்து சட்டமன்றத்துக்குத் தகவல் கொடுக்கக் கூடாது என்று டாஃப்ட் கட்டளையும் போட்டிருந்தார். 1910 ஜனவரியிலே பின்ஷோ மேலவை உறுப்பினர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். கிளேவிஸ் செய்தது சரி என்று எழுதினார். 6ஆம் நாள் அது மேலவையிலே படிக்கப்பட்டது. 7ஆம் நாள் வேலை நீக்க உத்தரவு வந்தது. இருபத்தைந்து மணி நேரம் கூடக் காத்திருக்க முடியவில்லை போலும்!

பணக்கார வீட்டுப் பிள்ளைதானே, வேலை போனால் அடுப்பு அணைந்துவிடுமா என்று கேட்கலாம். கேட்பது நியாயம். அடுப்பு அணையும் நிலையில் இருந்தவர் வேறொருவர். அவரைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன்.

இரு அவைகளின் கூட்டுக்குழு விசாரணை நடத்தியது. கிளேவிஸ் பக்கம் வாதாட வந்தவர் லூயி பிராண்டைஸ். பின்னாளிலே உச்சநீதிமன்ற நீதிபதியானவர். (மேலே சொன்ன பிராண்டிஸ் வேறு, இவர் வேறு.) பிராண்டைஸ் ஏடுகளைத் துருவினார், தேதிகளைக் கூட்டிக் கழித்தார். பாலிஞ்சர்மீது குற்றமில்லை என்று டாஃப்ட் முடிவு செய்வதற்கு ஆதாரமாகக் காட்டிய தலைமை வழக்கறிஞரின் அறிக்கை 1909 செப்டம்பர் 11 தேதியிட்டிருந்தது. அத்தனை நீளமான அறிக்கையை அத்தனை குறுகிய நாளில் எப்படி எழுதினார்கள்? எழுதவில்லை! முடிவு முன்னே வந்தது. அறிக்கை பின்னே எழுதப்பட்டது. தேதி மட்டும் முன்னே தள்ளிப் போடப்பட்டது. அதுமட்டுமா? பாலிஞ்சரை விடுவிக்கும் கடிதத்துக்கு ஒரு நகலைப் பாலிஞ்சரின் துறையிலிருந்த சட்ட அதிகாரியே எழுதிக் கொடுத்திருந்தார். இந்த உண்மையை வெளியே சொன்னவர் பாலிஞ்சர் அலுவலகத்திலே வேலை பார்த்த சுருக்கெழுத்தாளர் ஒருவர். மாதச் சம்பளத்திலே குடும்பம் நடத்துகிறவர். சொன்னார், வேலை போயிற்று. மாளிகைக்காரர் பின்ஷோவின் பெயர் வரலாற்று ஏடுகளிலே பெரிய எழுத்தில் இருக்கிறது. சுருக்கெழுத்தாளரின் பெயரை எத்தனை பேர் அறிவர்?

குழுவின் பெரும்பான்மையோர் பாலிஞ்சர் குற்றமற்றவர் என்றே எழுதினார்கள். கட்சிக்காரர் கட்சிக்காரரைக் கைவிடவில்லை. ஆனால் நாடு நம்பவில்லை. 1911 மார்ச்சில் பாலிஞ்சர் விலகினார். ஜூனில் 33 மனைகளும் செல்லாது என்று தள்ளப்பட்டன. 1912இலே ரூஸ்வெல்ட் தனிக்கட்சி கண்டு டாஃப்டை எதிர்த்தார், இருவரும் தோற்றார்கள்.

வெற்றிதானே, கதை முடிந்ததா என்றால் இல்லை. இந்த இடத்திலே பின்ஷோவைப் புகழ்கிறவர்கள் விரைந்து கடந்துபோகிற ஒரு நிகழ்ச்சி உண்டு. 1911 மே மாதம் அலாஸ்காவின் கார்டோவா துறைமுகத்திலே சில நூறு பேர் மண்வெட்டியும் கையுமாகத் திரண்டார்கள். கப்பல் கம்பெனிக் கிடங்கிலே கனடாவிலிருந்து வந்து குவிந்திருந்த கரியை வாரிக் கடலிலே கொட்டினார்கள். பக்கத்து ஊராகிய கட்டல்லாவிலே பின்ஷோவின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். ஏன்? அவர்கள் ஊரைச் சுற்றி நிலக்கரி. அடுப்புக்கோ கடல் கடந்து வந்த அயல்நாட்டுக் கரி, கம்பெனி சொன்ன விலை. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற பிழைப்பு! ஐந்தாண்டாக விற்பனைக்கும் தடை, குத்தகைக்கும் சட்டம் இல்லை. அவர்கள் எல்லாரும் மார்கனின் கைக்கூலிகள் என்று சொல்லிவிட முடியாது. கடலில் போன கரியே அந்தக் கூட்டின் கப்பல் கம்பெனிக் கரிதான். கூலிவேலை செய்து குளிரிலே நடுங்கியவர்கள் அவர்களில் பலர். விற்காதே என்பதோடு நின்றுவிட்டால் காட்டின் காவலனும் ஏழைக்குக் காலனாகத் தோன்றுவான். பின்ஷோ அதே ஆண்டு அலாஸ்காவுக்கு நேரிலே போனார். கொடும்பாவி எரித்தவர்களின் நாட்டுக்குள் நின்று, பூட்டி வைப்பது என் நோக்கமல்ல, குத்தகைச் சட்டம் வரட்டும் என்று பேசினார். போனது நல்லது. ஆனால் சட்டம் வர இன்னும் மூன்று ஆண்டு ஆயிற்று. இந்தத் தாமதத்தில் அவருக்குப் பங்கில்லை என்று நான் சொல்லமாட்டேன். தடை போடும்போதே குத்தகைக்கு வழி திறந்திருக்க வேண்டும். அது சட்டமன்றத்தின் வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது குளிர்காய வழியற்றவனிடம் எடுபடாது.

1914இல் அலாஸ்கா நிலக்கரிக் குத்தகைச் சட்டம் வந்தது. ரயில் பாதையையும் அரசே போட்டது. 1920 பிப்ரவரி 25ஆம் நாள் நாடு முழுவதற்குமான கனிமக் குத்தகைச் சட்டம் வந்தது. பொதுநிலத்து நிலக்கரியும் எண்ணெயும் இனிக் கிரயத்துக்கில்லை, குத்தகைக்கே. தேசியக் காடுகளும் அதற்குள் அடங்கின. அதை எழுதியவர் பின்ஷோ அல்லர். அப்போது அவர் பதவியிலும் இல்லை. ஆனால் அவர் வேலையிழந்த அந்தக் கொள்கைதான் சட்டமாயிற்று. டன்னுக்கு 5 சென்டுக்குக் குறையாமல் அரசுக்கு ராயல்டி. வந்த பணத்தில் நூற்றுக்கு 37½ பங்கு அந்தந்த மாநிலத்துக்கு. பாசனத்துக்கு 52½ பங்கு. மீதி மத்தியக் கருவூலத்துக்கு.

தொழிலாளத் தோழர்கள் படிக்க வேண்டிய பகுதி அந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. பூமிக்கடியில் வேலை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஆபத்துக் காலம் மட்டும் விலக்கு. கூலி மாதத்துக்கு இருமுறையாவது கொடுக்கப்பட வேண்டும். அதுவும் நாட்டு நாணயத்திலே. கம்பெனிக் கடையிலேதான் அரிசி பருப்பு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கூடாது. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவனையோ, எந்த வயதுப் பெண்ணையோ சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது. இத்தனையும் குத்தகைப் பத்திரத்துக்குள்ளே ஏறவேண்டிய நிபந்தனைகள்! விற்றிருந்தால் இவற்றில் ஒன்றையாவது பத்திரத்திலே எழுத முடிந்திருக்குமா? சுரங்க முதலாளி கம்பெனிச் சீட்டைக் கூலியாகக் கொடுத்து, அந்தச் சீட்டைத் தன் கடையிலேயே திரும்ப வாங்கிக்கொண்ட காலம் அது. உடையவன் மக்கள் என்றால், உள்ளே இறங்குகிறவனுக்கும் பத்திரத்திலே ஒரு வரி கிடைக்கிறது.

பின்ஷோ 1914இல் மேலவைக்கு நின்று தோற்றார். 1922இலே பென்சில்வேனியா மாநிலத்தின் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிலக்கரியால் எழுந்த மாநிலம், நிலக்கரியால் குழிவிழுந்த மாநிலம். பூமிக்கடியிலே வெட்டினால் மேலே ஒன்றும் ஆகாது என்று நம்புகிறவர் அங்கே போய்ப் பார்த்திருக்க வேண்டும். கரியை வெட்டும்போது மேல்மண் சரியாதிருக்க இடையிடையே கரித்தூண் விட்டுவைப்பார்கள். ஆசை தீராத கம்பெனி கடைசியிலே அந்தத் தூணையும் எடுக்கும். மேல்மண் இறங்கும். வீடு வெடிக்கும். ஊற்று பிளவுக்குள் புகுந்து மறையும், கிணறு வற்றும். சுரங்கத்தில் தேங்கிய நீர் கந்தகம் கலந்த கல்லோடு சேர்ந்து அமிலமாகி, ஓடையிலே செம்மஞ்சளாக வழியும். அதிலே மீன் பிழைக்காது. சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரமும் மேலே உள்ள காட்டிலிருந்தே வெட்டப்படும்.

அவர் பதவியேற்பதற்கு ஒரு மாதம் முன்பு, 1922 டிசம்பர் 11ஆம் நாள் உச்சநீதிமன்றத்திலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. பிட்ஸ்டன் நகரிலே ஒரு குடும்பத்தின் வீடு. அந்த மனையை 1878இல் விற்ற நிலக்கரிக் கம்பெனி, மேல்மண்ணை மட்டும் விற்று, அடிக்கரி எனக்கே என்று பத்திரத்திலே எழுதிக்கொண்டது. குடியிருக்கும் வீட்டுக்கடியில் மண் இறங்கும்படி வெட்டாதே என்று 1921இல் மாநிலம் ஒரு சட்டம் செய்தது. அந்தச் சட்டம் கம்பெனியின் சொத்தைப் பறிக்கிறது, செல்லாது என்றது நீதிமன்றம். மாறுபட்டுத் தீர்ப்பு எழுதியவர் ஒரே ஒரு நீதிபதி. அவர் யார்? அதே பிராண்டைஸ்! மண் ஒருவனுக்கு, கரி ஒருவனுக்கு என்று ஒருமுறை கிரயமாகப் பிரித்துவிட்டால், பின்னாலே மக்கள் சட்டம் செய்தும் மீட்க முடியாத நிலை. இதேபோன்ற இன்னொரு பென்சில்வேனியச் சட்டத்தை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள 1987 வரை ஆயிற்று.

1923 செப்டம்பரிலே கெட்டி நிலக்கரிச் சுரங்கங்களின் தொழிலாளர் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்ஷோ இரு தரப்பையும் அழைத்து உட்காரவைத்து முடித்தார்: நூற்றுக்குப் பத்துக் கூலி உயர்வு, எட்டு மணி நேர வேலை. முதலாளிகள் அந்த உயர்வைக் கரி விலையிலே ஏற்றி ஏழை வீட்டு அடுப்பின் தலையிலே கட்டினார்கள். பழி பின்ஷோவுக்கு வந்தது. இரண்டாம் முறை 1931இல் கவர்னரானபோது, நிலக்கரிக் கம்பெனிகள் தம் செலவில் வைத்து, மாநிலத்தின் அதிகாரமுத்திரை வாங்கிக் கொடுத்து, தொழிலாளியின் மண்டையை உடைக்கப் பயன்படுத்திய நிலக்கரி இரும்புப் போலீசின் உரிமங்களை ரத்துச் செய்தார். வேறு எது செய்யாவிட்டாலும் இதற்காக அவர் பெயரைச் சுரங்க ஊர்களிலே சொல்லலாம். 1933இலே சட்டை தைக்கும் ஆலைகளின் சிறுவர் சிறுமியர் வேலைநிறுத்தம் செய்தபோது, கவர்னரின் மனைவி கர்னீலியா அம்மையார் மறியல் வரிசையிலே அவர்களோடு நடந்தார். கவர்னர் வீட்டு அம்மாள்!

குறையைச் சொல்லாமல் விடுவது நம் வழக்கமல்ல. மனித இனத்தை வம்சத்தால் தரம்பிரித்து மேம்படுத்தலாம் என்ற இனமேன்மைக் கொள்கைக் கூட்டங்களிலே அவர் பெயரும் இருந்தது. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுவதை நாம் யார் வாயிலிருந்து வந்தாலும் ஏற்கமாட்டோம். இன்னொன்று, முன்னே சொன்ன அந்த இரண்டாம் பாடம். சுகாச் காட்டை 1907இல் அறிவித்தபோது, அங்கே தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழ்ந்த பழங்குடி மக்களை யாரும் கேட்கவில்லை. பொதுக் காடு என்ற சொல்லிலே அந்தப் பொதுவுக்குள் அவர்கள் இருந்தார்களா? விற்பதா குத்தகையா என்று வாஷிங்டனிலே மோதிக்கொண்ட இரு தரப்பாருக்கும் அந்த நினைவே வரவில்லை. 1971இல்தான் அலாஸ்காப் பழங்குடியினரின் நில உரிமைக்கென்று ஒரு தீர்வுச் சட்டம் வந்தது.

முதிய வயதிலும் கை சும்மா இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போரிலே கப்பல் கவிழ்ந்து உயிர்காக்கும் படகிலே தவிக்கும் மாலுமிகளுக்காக ஒரு தூண்டில் பெட்டியை வகுத்துக் கொடுத்தார். பச்சை மீனைப் பிழிந்து அதன் நீரைக் குடித்துத் தாகம் தீர்க்கும் முறையையும் சேர்த்து. 1946 அக்டோபர் 4ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார்.

அவருக்குப் பிறகு சட்டம் இன்னும் இறுகியது. 1976இல் வந்த திருத்தப்படி, காட்டுத் துறையின் இசைவில்லாமல் தேசியக் காட்டுக்கடியிலுள்ள கரியைக் குத்தகைக்கு விட முடியாது. அத்துறை போடும் நிபந்தனையும் பத்திரத்தில் ஏறவேண்டும். 1977ஆம் ஆண்டுச் சட்டம் தேசியக் காடுகளிலே மேல்மண்ணைப் புரட்டி வெட்டும் திறந்தவெளிச் சுரங்கத்தைப் பெரும்பாலும் தடுத்தது; பூமிக்கடிச் சுரங்கத்துக்கு மட்டும் வழி விட்டுவைத்தது. ஆகவேதான் கம்பெனிகள் இன்று காட்டு வாசலில் வந்து, பூமிக்கடியிலேதான் வேலை என்று சொல்கின்றன.

அத்தனை பேர் மோதிக்கொண்ட அந்தப் பேரிங் ஆற்று நிலக்கரி என்னவாயிற்று? குத்தகைச் சட்டம் வந்த பிறகு போய்ப் பார்த்தார்கள். மடிந்து நொறுங்கிக் கிடந்த கரிப்படுகை, வெட்டுவது கடினம். கடற்படை முன்னரே எரித்துப் பார்த்துத் திருப்தியடையவில்லை. அரசு போட்ட ரயிலும் வேறு திசையிலே மட்டனஸ்கா கரியை நோக்கிப் போயிற்று. பின்னாளிலே அந்த நிலத்தில் பெரும்பகுதி பழங்குடி மக்களின் நிறுவனத்துக்கு உரிமையாயிற்று. அண்மைய ஆண்டுகளில் அவர்கள் கரியை வெட்டாமலே விட்டுவிடும் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மார்கனுக்கும் கிடைக்காத, கார்டோவாவின் அடுப்புக்கும் வந்து சேராத அந்தக் கரி இன்னும் அந்தக் காட்டுக்கடியிலேயே கிடக்கிறது.